என்னைப் பொய் சாட்சி ஆக்கிவிட்டுப் போன ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் இன்று காலை போய்விட்டார். உத்திரமேரூர் – காஞ்சிபுரம் பஸ்ஸில் ஒன்பது வருடம் அவர் டிரைவர், நான் கண்டக்டர்.

போட்டோ போட்டு நல்லதாக இரண்டு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்... வரவில்லை. கோபம்தான் வருகிறது.

முன்பெல்லாம் டிரிப்புக்கு இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேலிகாத்தான் புதர் பக்கம் ஒதுங்குவார். பேசஞ்சர்களிடம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

போகப் போக அது குறைந்தது. எப்படிண்ணா என்று கேட்டால், மோரில் வெந்தயம் என்றார். நம்பினேன். என் மாமனாருக்கும் அதையே சொல்லித் தொலைத்தேன்.

அப்புறம் டிப்போவில் மெடிக்கல் கேம்ப். புராஸ்டேட் கேன்சருக்கான பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அவருக்கு ஒரு மாத்திரையும் கிடையாது சார், நான் கூடவேதான இருக்கேன்." பெருமையாகச் சொன்னேன்.

ரிசல்ட் 3.4. நாலுக்குள்ளே... நார்மல். கேன்டீனில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

போன வருடம் இடுப்பு வலி. சீட்டில் உட்கார முடியவில்லை. ஸ்கேன் எடுத்தால் எலும்பு வரைக்கும் பரவியிருந்தது.

சாப்பிடும் மாத்திரை எல்லாம் காட்டச் சொன்னார்கள். அண்ணி அவருடைய சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தார். அடியில் புராஸ்டேட்டைச் சுருக்கி, அடிக்கடி ஒதுங்குவதைக் குறைக்கும் மாத்திரை அட்டைகள். கேம்ப்புக்கு ரொம்ப முன்னாலிருந்தே மெடிக்கலில் தானே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த மாத்திரை சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. நம்பர் பாதியாகத்தான் காட்டுமாம். இரட்டிப்பாக்கிப் பார்க்க வேண்டுமாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே அடுத்த டெஸ்ட்டுக்கு எழுதியிருப்பார்களாம்.

ஏன் மறைத்தீர்கள் என்று வார்டில் கேட்டேன்.

"வியாதின்னு தெரிஞ்சா ஸ்டீரிங்க புடுங்கிக்குவானுங்கோ நைனா."

சரி, டாக்டரிடம் மறைத்தீர்கள். என்னிடம் ஏன்?

"நீ டிப்போல சொல்லிடுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

ஒன்பது வருடம்ண்ணா. உங்கள் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவன் நான். என்னைப் பார்த்தா பயந்தீர்கள்?

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வந்துவிடுங்கள்.

தூக்க நானும் வருவேன். கோபத்தோடுதான் வருவேன்... போங்கண்ணா.