வாழ்த்து வரிசையில் கடைசிப் பெயர்

தவம் அண்ணை கடையில் போன சனிக்கிழமை பிரெஞ்சு வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். பாரிசில் பிரெஞ்சு வானொலி ஓடாமல் வேறு என்ன ஓடும்? ஆனால் லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் இருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்குத்தான் என் அதிர்ச்சி புரியும். கடை திறந்த நாள் முதல் அங்கே தமிழ் வானொலி மட்டும்தான். சினிமாப் பாட்டு, மரண அறிவித்தல், நகைக்கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து... மறுபடியும் சினிமாப் பாட்டு. தவம் அண்ணைக்குப் பிரெஞ்சு என்பது வரி அலுவலகத்தோடு பேசுகிற மொழி. ரோல்ஸ் பொரிக்கும்போது கேட்கிற மொழி அல்ல.

"என்ன அண்ணை, ஸ்டேஷன் மாறிப்போச்சோ?" என்று கேட்டேன்.

"சும்மா... வாற ஆக்களுக்கு ஒரு மாற்றமா இருக்கட்டும் எண்டுதான்," என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

வந்த ஆட்கள் யார்? நானும், மூலை மேசையில் வடையோடு உட்கார்ந்திருந்த அந்துவான் சாரும். புதுச்சேரிக்காரர். இங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரகசியம் எதுவும் அவரிடம் அரை மணி நேரத்துக்கு மேல் தங்காது.

"மாற்றமாவது ஒண்ணாவது! இவரு தங்கச்சி பேசப்போறாங்களாம்மா ரேடியோவுல," என்றார் மெதுவாக.

நான் உடனே ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மரக்கறி வாங்க வந்தவள்தான். மரக்கறி எங்கே ஓடிவிடப் போகிறது?

தங்கச்சி என்றால் வதனி. பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டடம். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தாள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அடுத்த கோடையில் குடும்பத்தோடு லண்டனுக்குக் கிளம்பிவிட்டாள். எங்கள் ஆட்களில் பலர் இப்படித்தான். பிரான்சில் இருப்பதற்காகப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுப்பதில்லை — பிரான்சை விட்டுப் போவதற்காக எடுக்கிறார்கள்!

அவள் போனதில் தவம் அண்ணைக்குக் கோபமில்லை. சொன்ன விதத்தில்தான் கோபம். சுவிஸ் அக்காவுக்குச் சொன்னாள். ஜெர்மனிச் சித்தப்பாவுக்குச் சொன்னாள். அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொன்னாள். பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் கூடப்பிறந்த அண்ணனிடம் வந்தாள். அதற்குள் ரோல்ஸ் வாங்க வந்த யாரோ ஒருவர், "தங்கச்சி லண்டனுக்குப் போறாவாமே?" என்று அவரிடமே விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

"எனக்குத்தான் கடைசி!" — அந்த ஒரு வார்த்தையோடு அண்ணன் பேச்சை நிறுத்தினார். ஆரம்பத்தில் அவள் போன் எடுத்துப் பார்த்தாள். இவர் எடுக்கவில்லை. பிறகு அவளும் ரோசப்பட்டு விட்டுவிட்டாள். ரோசத்தில் இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இப்போது நடுவில் புகுந்தது வதனியின் மகள், அண்ணையின் மருமகள். "மாமா, அம்மா சனிக்கிழமை ரேடியோவில் கதைக்கிறா, கேளுங்கோ" என்று இணைப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். அண்ணை தன் போனைக் கடை ஸ்பீக்கரில் பொருத்திவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல மேசை துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த மேசை.

அது ஓர் இணைய வானொலி. பிரான்சை விட்டு ஐரோப்பாவில் அங்கங்கே குடியேறிவிட்ட பிரெஞ்சு பேசுகிறவர்களுக்காக நடத்துகிறார்கள். சனிக்கிழமைகளில் நேயர்களைத் தொலைபேசியில் பிடித்து நலம் விசாரித்து, கேட்கிற பாட்டைப் போடுவார்கள். எனக்கு இப்படியொன்று இருப்பதே அன்றுதான் தெரியும்.

முதலில் டப்ளினிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அங்கே வாயில் வைக்கிற மாதிரிப் பேக்கரிப் பாண் கிடையாதாம். அடுத்து பெர்லினிலிருந்து ஒருவர். வீட்டில் தான் பிரெஞ்சில் கேட்டால் பிள்ளைகள் ஜெர்மனில் பதில் சொல்கிறார்களாம். மொழி அழிந்துவிடும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். "எங்கட ஊரில் இப்படியா வெயில் இல்லாமல் இருக்கும்?" என்கிற தொனியில் இன்னொருவர்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தனையும் நாங்கள் தமிழ் வானொலியில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிற புலம்பல் அல்லவா? மொழி மட்டும்தான் வேறு!

"இவையளும் எங்களை மாதிரித்தான் கிடக்கு," என்றார் தவம் அண்ணை. அவர் பிரெஞ்சுக்காரர்கள் மேல் இரக்கப்பட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

பிறகு வந்தாள் வதனி.

பிரெஞ்சுதான். ஆனால் யாழ்ப்பாண வேகத்தில். பாரிசில் இருந்தவரை தமிழ் வானொலி தவிர வேறெதையும் கேட்டதில்லை என்றாள். லண்டனுக்குப் போன பிறகு, பிரெஞ்சு காதில் விழாமல் சமைக்கவே முடியவில்லையாம். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் இந்த வானொலியைத்தான் பற்றவைக்கிறாளாம்.

அறிவிப்பாளருக்குப் பரம சந்தோஷம். "பிரான்சில் எதற்காக ஏங்குகிறீர்கள், மதாம்?" என்று கேட்டார். பாலாடைக்கட்டி என்ற பதிலை எதிர்பார்த்திருப்பார்.

"லா சப்பல் மெட்ரோவை விட்டு வெளியே வந்ததும் சோளம் சுடுகிற மணம் வருமே, அதற்கு. அப்புறம், சூடான ரோல்ஸ்."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

அத்தோடு அந்த மனிதர் பாட்டுக்குப் போயிருக்கலாம். பாவம், நல்ல மனசு. "யாருக்காவது வாழ்த்துச் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார்.

தமிழ் வானொலி கேட்டு வளர்ந்த ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா அது? பிரெஞ்சுக்காரர் என்றால் "என் கணவருக்கு முத்தங்கள்" என்று முடித்துக்கொள்வார். நம் வழக்கம் அப்படியா? பெரியவர்களில் தொடங்கி, நாடு நாடாகப் போய், குழந்தை குட்டி வரை ஒரு பெயர் விடாமல் சொல்லியாக வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த கலியாண வீட்டில் பதில் சொல்ல வேண்டி வரும். வரிசை மாறினாலும் வம்புதான்.

வதனி ஆரம்பித்தாள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு. மாமியாருக்கு. அடுத்த பெயர் என்ன? அண்ணன் பெயர். அதுதானே முறை? அந்துவான் சார்கூட வடையைக் கீழே வைத்துவிட்டார்.

சுவிஸ் அக்கா, அத்தான், பிள்ளைகள்.

தவம் அண்ணை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

ஜெர்மனிச் சித்தப்பா, சித்தி. கனடா மச்சாள். "மெர்சி, மதாம்..." என்று அறிவிப்பாளர் நுழையப் பார்த்தார். "அத்தாந்தே, முசியே!" என்று அவரை நிற்கவைத்துவிட்டு அவள் நோர்வேக்குப் போனாள். அங்கிருந்து ஸ்தேனுக்கு வந்து, பழைய வீட்டில் மேல்மாடியில் இருந்த மொரோக்கோ அம்மாவுக்கும் வாழ்த்துச் சொன்னாள்.

"மேல்வீட்டுக்காரிவரைக்கும் வந்திட்டாள்," என்றார் அண்ணை. குரலில் கோபமே இல்லை. கோபமிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குப் பட்டது.

"கடைசியாக, எல்லாரையும்விட முக்கியமாக..." என்றாள் வதனி. அப்படியே மூச்சு வாங்கினாள்.

அந்த மூச்சுக்காகவே காத்திருந்தவர்போல அறிவிப்பாளர் பாய்ந்தார். நேரமாகிவிட்டது, நன்றி மதாம், அருமையான குடும்பம் மதாம்! அக்கார்டியன் இசை. விளம்பரம்.



"அது உங்களைத்தாங்க சொல்ல வந்தாங்க," என்றார் அந்துவான் சார்.

"ஆரெண்டு சொல்லேல்லையே. வீட்டு நாயா இருந்தாலும் இருக்கும்," என்றார் அண்ணை. பிறகு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்டைக்கும் நான்தான் கடைசி. இண்டைக்கும் நான்தான்."

  டீயைக் குடித்தேன், ஆறிப் போயிருந்தது.

அப்போதுதான் ஸ்பீக்கர் அலறியது. அக்கார்டியனை வெட்டிக்கொண்டு போன் மணி. அண்ணை திரையைப் பார்த்தார். ஈரக்கையைத் துடைக்கக்கூட மறந்து விரலை வைத்தார். போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் பொருத்தியிருக்கிறது என்பது அவருக்கு நினைவில்லை.

"அண்ணை! கேட்டனீங்களோ? அந்த மனிசன் குறுக்காலை முறிச்சுப்போட்டான்!" வதனி குரல் கடை முழுக்கக் கணீரென்று கேட்டது. "உங்கடை பேர் வரேக்கை பாத்து!"

அண்ணை துணியைத் தோளில் போட்டார். "மேல்வீட்டுக்காரிக்குப் பிறகுதானோ நான்?" என்றார்.

"முதல்லை உங்கடை பேரைச் சொன்னா நான் அங்கையே அழுதிடுவன், அண்ணை. பிறகு மற்ற ஆக்களை எப்பிடிச் சொல்லுறது? அதுதான் கடைசிக்கு வைச்சனான்."

"அப்ப, அண்டைக்கு?"

"அண்டைக்கும் அதுதான். நீங்கள் 'போகாதை பிள்ளை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டன். பெட்டி கட்டினாப் பிறகு வந்தாத்தான் தப்பலாம் எண்டு வந்தனான்."

தவம் அண்ணை மூக்கை உறிஞ்சினார். அதையும் ஸ்பீக்கர் விட்டுவைக்கவில்லை. "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். இத்தனை நாள் பேசாமல் இருந்த அண்ணனின் முதல் கேள்வி!

"ஓம்... அண்ணை, என்ன உது, என்ரை குரல் எனக்கே திரும்பக் கேக்குது?"

"ஐயோ, ஸ்பீக்கரிலை கிடக்கு! கடையிலை எல்லாரும் கேக்கினம்."

"ஆரார் நிக்கினம்?" என்றாள் வதனி. சொன்னார். அடுத்த கணமே அந்துவான் சாருக்கு வணக்கம், எனக்கு வணக்கம், என் வீட்டுக்காரருக்கு வணக்கம், என் பிள்ளைகளுக்கு... இந்தத் தடவை நேரமாகிவிட்டது என்று சொல்ல அறிவிப்பாளர் யாருமில்லை.

நேயர்களே, சாரி, வாசகர்களே... அந்த அறிவிப்பாளரை அன்று அந்துவான் சார் நன்றாகத் திட்டினார். நான் திட்டவில்லை. அவர் அந்தக் கடைசிப் பெயரைச் சொல்ல விட்டிருந்தால், வதனி வாழ்த்தை முடித்த திருப்தியில் சோற்றை இறக்கப் போயிருப்பாள். அண்ணன் தன் பெயரைக் கேட்ட திருப்தியில் ரோல்ஸ் பொரிக்கப் போயிருப்பார். போன் அடித்திருக்காது.

நம் வீடுகளில் கடைசியாகச் செய்தி கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்ளும் முன் ஒரு தரம் யோசிக்கலாம். உங்களைக் கண்டு பயப்படும் அளவுக்கு யாருக்கோ உங்கள் மேல் பாசம் இருக்கிறது.

புறப்படும்போது, "அண்ணை, இதை எழுதட்டோ?" என்று கேட்டேன். காசு வேண்டாம் என்று ஒரு பை நிறைய ரோல்ஸ் கட்டிக் கொடுத்தபடி யோசித்தார்.

"எழுதுங்கோ. ஆனா என்ரை பேரைக் கடைசியிலை போட்டிடாதையுங்கோ!"

சந்தேகமிருந்தால், இந்தக் கட்டுரையின் முதல் சொல்லை மறுபடி பாருங்கள்.