துப்பாக்கி மாடம்

மைசூரில் ஒரு பெரிய பங்களாவுக்கு என் அப்பா காவல்காரர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் அவரும் அம்மாவும் கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில்தான் இருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். சுவரில் குறுகலாக ஒரு மாடம். பொழுது சாய்ந்ததும் அம்மா அதில் விளக்கேற்றுவாள்.

போன வருஷம் முதலாளியின் மகன் பங்களாவை ஹோட்டலாக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் அறையை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்துவார்களாம். கல்யாணமாகி அதே ஊரில் விஜயநகரில் இருக்கும் நான், "எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்றேன்.

"மருமகன் ஊட்டுச் சோறு ஒரு வாரந்தான் ருசிக்கும்" என்றார் அப்பா.

அப்போதுதான் ஹோட்டல் வேலையைப் பார்க்க வந்த இன்ஜினியரம்மா பங்களாவின் பரண் மேலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தார். யுத்த காலத்தில் யாரோ பென்சிலால் வரைந்தது. பங்களாவைச் சுற்றி மணல் மூட்டை, முள்கம்பி, தோட்டத்தில் பதுங்குகுழி. கேட்டருகே எங்கள் அறை! "இது அந்தக் காலத்துக் காவல் அறை, இடிக்கவே கூடாது" என்றுவிட்டார் அந்தம்மா.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நகல் ஒன்று கேட்டு வாங்கி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார். "பாத்தீங்களா, நம்மூடு படத்துலயே இருக்குதுங்க! இனி ஆரும் அசைக்க முடியாதுங்க." அம்மா அதற்குக் குங்குமம் வைத்து முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினாள். நான்தான் உற்றுப் பார்த்தேன். மாடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துப்பாக்கி நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

"அட கெரகமே! துப்பாக்கி வெக்கற சந்துலயா இத்தன நாளும் வெளக்கு வெச்சேன்?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சில நாளில் முதலாளியின் மகன் வந்தார். படத்தில் உள்ளபடியே அறையை வைக்கப் போகிறார்களாம், வருகிறவர்கள் பார்க்க. மணல் மூட்டை உண்டு, துப்பாக்கி உண்டு. அடுப்பு இல்லை, துணிக்கொடி இல்லை, ஆள் இல்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார், மரியாதையாகத்தான். அப்பா கன்னடத்தில் "ஆய்த்து சாமி", ஆகட்டுங்க, என்றதோடு சரி.

சாமான் கட்டிய அன்று, மாடத்தின் பின்பக்கத்தை அடைத்திருந்த செங்கல்லை, துப்பாக்கி நீட்டி வைப்பதற்காக, ஹோட்டல் வேலையாட்கள் பெயர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சாயங்காலம் அம்மா விளக்கேற்றினாள். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினாள், அணைந்தது. "கடைசி நாளும் அதுவுமா அணையலாமா?" என்று தீப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

நான் ஏற்றினேன். சுடர் ஆடி, நின்றது. சந்தின் அந்தப் பக்கம் அம்மாவின் உள்ளங்கை தெரிந்தது. சாமான் ஏற்றிக்கொண்டு காத்திருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் கையை எடுக்கவில்லை.