சாவிய எடுத்துட்டேன், இஞ்சின் நிக்கல!

நாலு நாளைக்கு முந்தி, குத்தாலத்துல, ஐந்தருவி ரோட்டுல...

நடந்தத அப்படியே எழுதுதேன் மக்களே.

மச்சான் (என் வீட்டுக்காரர்தான்) மஸ்கட் வேலைய முடிச்சுட்டு அடுத்த மாசம் ஊரோட வாராவ.

வந்ததும் பாவூர்சத்திரத்துல காய்கறி லோடு ஏத்தி, செங்கோட்டை வழியா கேரளாவுக்கு ஓட்டணும்னு பிளான். அதுக்கு செகண்ட்ஹேண்ட்ல ஒரு டீசல் பிக்கப் பாக்குற வேலை என் தலையில!

(வாப்பாவோட லோடு வண்டியில ஓட்டிப் பழகுனவ நான். லைசென்ஸும் இருக்கு. கமெண்ட்ல யாரும் கேக்க வேண்டாம்.)

இலத்தூர்ல ஒரு வெள்ளை பிக்கப் விலைக்கு இருக்குன்னு ஆன்லைன்ல பாத்தேன். தென்காசியில நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் மாரியப்பன் அண்ணாச்சியையும் கூட்டிட்டுப் போனேன்.

வண்டி பளபளன்னு நிக்கி. புது பெயிண்ட், புது சீட் கவர்!

அண்ணாச்சி பானெட்டுல கைய வச்சுட்டு வெடுக்குன்னு எடுத்தாரு.

"ஏன் தம்பி, நாங்க வாறதுக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணிட்டியளோ?"

"சும்மா கழுவ எடுத்துட்டுப் போனேன் அண்ணாச்சி"ன்னாரு ஓனர்.

அண்ணாச்சி எங்கிட்ட மெதுவா, "ஆறிக் கிடக்க இஞ்சின ஸ்டார்ட் பண்ணுனாத்தாம்மா அதோட குணம் தெரியும். சூடு பண்ணி வச்சிருக்கான். எதுக்கும் ஏத்தத்துல ஒரு தடவ ஏத்திப் பாப்போம்."

அப்படித்தான் குத்தாலம் போனோம். ஸ்டீயரிங்ல நான். பக்கத்துல அண்ணாச்சியும் ஓனரும் நெருக்கிக்கிட்டு. டேஷ்போர்டுல போன், வீடியோ கால்ல மச்சான்.

"இழுவை எப்படிட்டி இருக்கு?"

"நல்லா இழுக்கு மச்சான்!"

பொய் இல்ல. நெசமாவே நல்லா இழுத்துச்சு!

ஏத்தம் ஏறி ஒரு பஜ்ஜிக் கடை ஓரமா நிறுத்தி, நியூட்ரல்ல போட்டேன். புகையப் பாக்கணும்னு அண்ணாச்சி இறங்குனாரு, ஓனரும் இறங்குனாரு.

"நீலமா விடுதே... ஆஃப் பண்ணும்மா"ன்னாரு அண்ணாச்சி.

ஆஃப் பண்ணுனேன். சாவி என் கையில.

இஞ்சின் ஓடுது.

சரியாத் திருப்பலையோன்னு மறுபடியும் சாவியப் போட்டுத் திருப்புதேன். ஓடுது!

ஓடுறது மட்டுமில்ல, தானா சத்தம் கூடுது. ஆக்சிலேட்டர்ல நான் காலே வைக்கல!

பின்னாடி ஒரே வெள்ளப் புகை. பஜ்ஜிக் கடையே மறைஞ்சு போச்சு. வண்டி மொத்தமும் உதறுது. போன் துள்ளிக் கீழ விழுந்து சீட்டுக்கு அடியில போயிட்டு. அங்கன இருந்து மச்சான் குரல் மட்டும் கேக்கு.

"ஏட்டி! என்ன சத்தம்? இறங்குட்டி! இறங்கு!"

ஓனர் ஓடியே போயிட்டாரு! (வண்டியப் பத்தி எங்கள விட அவருக்குத்தானே நல்லாத் தெரியும்!)

நானும் கதவத் திறந்துட்டேன். அதுக்குள்ள அண்ணாச்சி ஜன்னலுக்கு ஓடி வந்தாரு.

"இறங்காதம்மா! இப்படியே விட்டா இஞ்சின் செதறிரும், சுத்தி ஆளு நிக்கி! பிரேக்க ஏறி மிதி! டாப் கியர் போட்டுக் கிளட்ச பட்டுன்னு விடு, இஞ்சின் திணறி நின்னுரும்!"

முன்னால பாத்தேன். பத்தடி தள்ளி ஒரு வேன். அருவியில குளிச்சுட்டு ஈரத்துணியோட ஒரு குடும்பம் ஏறிக்கிட்டு இருக்கு. ஒரு அம்மா புள்ளைக்குத் தல துவட்டுதா. எல்லாரும் எங்க வண்டியத்தான் வேடிக்கை பாக்காங்க. ஒருத்தருக்கும் நகரத் தோணல!

பிரேக் புடிக்கலன்னா?

கியர் போட்டு கிளட்ச விட்டதும் வண்டி நேரா அந்தப் புள்ள மேலதான் போகும். இந்த வண்டியில எது நெசம், எது பெயிண்ட்டுன்னே எனக்குத் தெரியாதே!

"தள்ளிப் போங்க! ஓடுங்க!"ன்னு கத்திக்கிட்டே அண்ணாச்சி வேனப் பாத்து ஓடுனாரு. அந்த அம்மா புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓரமா ஓடுனதப் பாத்தேன். இஞ்சின் சத்தம் இப்போ வீல்னு அலறுற மாதிரி ஆயிட்டு.

ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். சீட்ட விட்டு எந்திச்சு பிரேக் மேலயே நின்னேன். டாப் கியர். யா அல்லாஹ்ன்னு கிளட்ச விட்டேன்.

ஒரு குதி! ஒரு முழம் முன்னால போயி, டம்முன்னு ஒரு சத்தம்.

நின்னுட்டு.

சீட்டுக்கு அடியில மச்சான் அழுவுற சத்தம் மட்டும் கேக்கு. போன எடுத்து, "உயிரோட இருக்கேன் மச்சான்"னு சொல்லத்தான் வந்துச்சு.

கொஞ்சம் ஆறுன பொறவு அண்ணாச்சி ஒரு பைப்பக் கழட்டுனாரு. கடகடன்னு ஆயில் ஊத்துது.

"இஞ்சினுக்குக் காத்து ஊதுற டர்போல சீல் போயிருக்கும்மா. இஞ்சின் அதோட ஆயிலையே இழுத்து எரிச்சிருக்கு. சாவியத் திருப்புனா டீசல்தான் நிக்கும், இது எப்படி நிக்கும்?"

அப்போதான் ஓனர் திரும்பி வந்தாரு. வந்து என்ன சொன்னாரு தெரியுமா?

"யக்கா, சின்ன சீல்தான். மாத்திட்டாப் போதும். எடுத்துக்கிடுதியளா?"

அண்ணாச்சி அவர அடிக்காம விட்டது பெரிய விஷயம்!

கதை இதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவையே போட்டிருக்க மாட்டேன்.

இன்னைக்குக் காலையில அந்த விளம்பரத்துல 'விற்றாச்சு'ன்னு போட்டிருக்கு. உடனே போன் அடிச்சேன்.

"சரி பண்ணித்தான குடுத்திய?"

"அதான் வித்தாச்சேக்கா"ன்னு மழுப்புனாரு.

"வாங்குனவரு நம்பராவது குடுங்க, ஒரு வார்த்த சொல்லிருதேன்."

"அது எதுக்குக்கா உங்களுக்கு?" கட் பண்ணிட்டாரு. மறுபடி அடிச்சா பிளாக்!

அந்த வண்டி இப்போ லோடோட ஏதோ ஒரு ரோட்டுல போய்க்கிட்டு இருக்கு. ஓட்டுறவருக்கு எதுவும் தெரியாது. வண்டி நம்பரயும் நான் குறிச்சு வைக்காம விட்டுட்டேன்.

தென்காசி, செங்கோட்டை, சிவகிரி பக்கம் இந்த வாரம் புது பெயிண்ட் அடிச்ச பழைய வெள்ளை பிக்கப் வாங்குனவங்க உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா? வண்டிய எடுக்குறதுக்கு முந்தி ஒரு மெக்கானிக்கக் கூப்பிட்டு டர்போவப் பாக்கச் சொல்லுவியளா?