பன்னிரண்டு பாதாம்

பன்னிரண்டு பாதாம் பருப்புகளையும் நான்தான் தின்றேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. தின்றேன், ருசித்துத் தின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் கந்தப்பளைக்கு மேலே, பனி விலகாத ஒரு தேயிலைத் தோட்டம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஒன்றரை. அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலை ஏறிவிடுவாள். தம்பிக்குப் பால் கொடுத்து, பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் ஓடுவேன். மாதம் ஒருமுறை அங்கே குழந்தைகளை நிறுக்க மருத்துவமாது வருவார், யாழ்ப்பாணத்துக்காரர். தம்பியின் எடை அட்டையில் புள்ளி எப்போதும் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தது.

"பாதாம் குடுங்கோ. இரவு ஊறப்போட்டு, விடியத் தோலை உரிச்சு, அரைச்சுப் பாலிலை கலந்து குடுங்கோ. எலும்புக்கு நல்லது, சதை பிடிக்கும், மூளைக்கும் நல்லது" என்றார். அடுத்த மாதமும் கோட்டைத் தாண்டாவிட்டால் தாயும் பிள்ளையும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்றார். அம்மா போய்விட்டால் அப்பாவுக்குச் சமைக்க நான் பள்ளிக்கூடத்தை விட வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

நுவரெலியாவில் ஹோட்டல் குசினியில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு பொட்டலம் பாதாம் கொண்டுவந்தார். கச்சான் என்னும் வேர்க்கடலையை மட்டுமே கண்டிருந்த அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து சித்தப்பாவிடம் கேட்டாள்.

"என்னா தம்பி இது, கச்சானுக்குச் சட்ட போட்டு விட்ட மாதிரி இருக்கு?"

ஒவ்வோர் இரவும் அவள் டம்ளரில் ஒன்றை ஊறப்போடுவாள். காலையில் உரித்து அரைத்துக் கொடுப்பது என் வேலை.

முதல் நாளே உரித்தேன். தோல் வழுக்கிக்கொண்டு வர, உள்ளிருந்து நிலாத் துண்டு போல ஒன்று வெளிவந்தது. மருத்துவமாது சொன்னதில் எனக்குக் கேட்டது இரண்டே சொல்: மூளைக்கும் நல்லது. வாயில் போட்டுக்கொண்டேன். ஊறிய தண்ணீரைத் தம்பியின் பாலில் ஊற்றினேன். பன்னிரண்டு நாளும் அப்படித்தான்.

நிறுக்கும் நாள் வந்தபோதுதான் தராசைப் பற்றி யோசித்தேன். எனக்குத் தெரிந்தது கொழுந்துத் தராசு ஒன்றுதான். அதில் கணக்கப்பிள்ளை சாக்குக்கு இவ்வளவு, மழைத்தண்ணிக்கு இவ்வளவு என்று தாராளமாய்க் கழித்துவிட்டுத்தான் அம்மாவின் கொழுந்தை எழுதுவார். தம்பிக்கும் கழிப்பார்கள் அல்லவா? வரிசையில் நிற்கும்போதே அவன் தொப்பியைக் கழற்றினேன். பிறகு ஸ்வெட்டர், சட்டை, காற்சட்டை. ஈரம் இருக்கக் கூடாதென்று மூக்கையும் துடைத்தேன். அந்தக் குளிரில் பிறந்த மேனியாய் அவன் மலையே அதிர அலறினான்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? குழந்தை விறைக்கப் போகுது!"

"உடுப்புக்குக் கழிச்சிருவீங்கதானே, மிஸ்?"

வரிசையில் நின்ற பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். மலையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த அம்மா சிரிக்கவில்லை. தம்பியை வாங்கித் தராசில் வைத்தாள். மருத்துவமாது அட்டையில் புள்ளி வைத்தார். சிவப்புக் கோட்டுக்கு மேலே!

"பாத்தியளோ, பாதாம் செய்த வேலை!"

"பாதாமா? அத இவ தின்னுட்டா மிஸ், அம்புட்டையும்" என்றாள் அம்மா. "நான் தெனம் ரெண்டு வேள மலையில இருந்து எறங்கி ஓடியாந்து, கச்சானும் குரக்கனும் அரைச்சுக் காய்ச்சி ஊட்டுனேன். கங்காணி வஞ்சாரு. வையட்டும்னு ஓடியாந்தேன். அதையும் எழுதுங்க அட்டையில. கழிக்காம எழுதுங்க."

மருத்துவமாது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அழுதேன். குற்றத்துக்காக அல்ல, அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்றுதான். பரீட்சை முடியும்வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் நாள் மாலையே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மி அரைத்த தடமே இல்லாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் அன்று இரவும் டம்ளரில் ஒன்றை ஊறப்போட்டாள். மறுநாள் இரவும்.