காற்று வரும்வரை காத்திருந்த போகித் தீ

போன வெள்ளிக்கிழமை காலை முருகன் கோவிலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், மகள் செல்வி, பக்கத்து நிலத்துப் பெங்காலிக்காரர் ஷெபாலி தீதி, தந்தி கொண்டுவந்த தபால்காரர். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் செராங் அண்ணன் காலமானார் என்று என் வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். தீதிக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே நிலம் வைத்துக்கொண்டு, வேலைக்காகப் போர்ட் பிளேரிலும் கார் நிக்கோபாரிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன். கோவிந்தன் என்ற பெயர் அவருக்கு ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. பல வருஷம் லாஞ்சுப் படகு ஓட்டியதால் ஊருக்கே அவர் செராங் அண்ணன். உப்புத் தண்ணீரில் கிடந்தது போதும் என்று நம் பள்ளத்தாக்கில் நெல் போட வந்தவர், கோவில் விளக்குப் பொறுப்பையும் தானாகவே எடுத்துக்கொண்டார்.

நம் ஊர்க் காற்று மழைக்காலத்தில் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். அறுப்பு முடிந்தால் கெட்டது. வயலில் நின்ற தாள், வெட்டிப்போட்ட காட்டு வேர், மூங்கில், எல்லாவற்றையும் நாம் போகி விடியலில் கொளுத்துவோம். பெங்காலிக் குடும்பங்களும் அன்றைக்கே கொளுத்தி, அதற்கு ‘ஆக் வாலா தின்’, தீ நாள், என்று பேரும் வைத்தார்கள். சுற்றிலும் மலை, விடியலில் இலைகூட அசையாது. மூடி போட்ட பானைபோல உச்சிப்பொழுதுவரை புகை நிற்கும்.

ஒரு வருஷம் கோவில் கூட்டத்தில் அண்ணன், காற்று எழுந்த பிறகு தீ வைக்கலாமே என்றார். அவரை மறுத்துப் பேசியவள் நான்தான். பொழுது ஏறிய பிறகு எரித்தால் அது போகியா, குப்பை எரிப்பா என்று கேட்டேன். கூட்டம் என் பக்கம் நின்றது. அவர் சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அந்தப் போகியன்றுதான் செல்விக்கு இரைப்பு கண்டது. நாலு வயது. விலா உள்வாங்கி, உதடு வெளுத்துப்போயிற்று. டிஸ்பென்சரிக்குப் போகும் வழி புகையில் தெரியவில்லை. முருகா என்று கத்தியது எனக்கு நினைவில்லை, செராங் அண்ணனுக்குக் கேட்டிருக்கிறது. நனைத்த துண்டைப் பிள்ளையின் முகத்தில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறினார். புகை தாழத்தான் படுக்கும் என்று அவருக்குத் தெரியும். பாதி மலை ஏறியதும் செல்விக்கு மூச்சு நிதானப்பட்டது, பசிக்கிறது என்றாள். கீழே ஊரே தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சாமி மேல குத்தமில்ல தாயி, ஒம்மேலயும் இல்ல. காத்தக் கேக்காம ஒரு காரியம் செஞ்சுட்டோம். லாஞ்சா இருந்தா முங்கியிருப்போம்” என்றார்.

அடுத்த வருஷம் கூட்டத்தில் அவருக்காக நானே எழுந்து பேசினேன். ஆனாலும் விடியல் தப்புகிறதே என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை. அதைக் கண்டுகொண்டவர்போல அவரே ஒரு வழி செய்தார். விடியலில் சாமிக்குக் காட்டிய கற்பூரத்தில் தேங்காய் மட்டையைப் பற்ற வைத்து, இரும்புச் சட்டியில் போட்டுச் சாம்பலால் மூடினார். போகித் தீ முறைப்படி விடியலிலேயே பிறந்துவிட்டது. காற்றுக்காக அது காத்திருந்தது, அவ்வளவுதான். கோவில் கொடி விரிந்து பறந்ததும் வீட்டுக்கொரு கங்கு கொடுத்தார். புகை மலை தாண்டிக் கடல் பக்கம் போனது. நான் என் நோட்டில் குறித்தேன்: சமையல் முடிவதற்குள் வானம் வெளுத்துவிட்டது. “எழுதி வையி தாயி, அடுத்த வருசம் சண்டைக்கு ஆளு வரும்” என்றார்.

வந்தார்கள். ஒருமுறை பகல் சாய்ந்தும் கொடி அசையவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஷெபாலி தீதி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “செராங் பாபு, துமாரா ஆக் கப் தக் சோயேகா?” என்றார். உன் தீ எதுவரை தூங்கும் என்று கேலி.

“ஹவா உட்டேகா தோ ஆக் பீ உட்டேகா, தீதி. தும் ஜாக்கே மச்லி பகாவ்.”

காற்று எழட்டும், தீயும் எழும், நீ போய் மீன் சமை என்று சொல்லிவிட்டாரே என்று தீதி பொய்க்கோபத்தோடு போனார். கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. அன்று மாலை தீதி வீட்டு மீன் குழம்பில் அவருக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

செல்விக்கு இப்போது பதினாலு வயது. கடைசியாக இரைப்பு வந்து நாலு வருஷம் ஆகிறது. காரியம் சரி என்றாலும் அதற்கு நேரம் பார்ப்பதும் பக்திதான் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அது என்னிடம் இருக்கும்.

அவர் போய்விட்டார், இனிப் பழையபடி விடியலிலேயே கொளுத்தலாம் என்று ஊரில் பேச்சு எழுந்திருக்கிறது. தீதியின் பேரனுக்கு இந்த வருஷம் இரைப்பு. உங்கள் நிலத்தை உழுகிறவர்கள் உங்கள் சொல்லைத்தான் கேட்பார்கள். காற்று எழுந்த பிறகே தீ வைக்க உங்களுக்குச் சம்மதமா? மார்கழி பிறப்பதற்குள் ஒரு கார்டு போடுங்கள்.