முத்துவின் பக்கத்தில் நின்றவள்

பாத்திமுத்து இறந்துவிட்டாள்.

காலையில் ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் வந்தது. ஹார்ட் அட்டாக்காம்... போன வெள்ளிக்கிழமைகூட தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கை காட்டிவிட்டு அவசரமாக பஸ் ஏறினாள்.

மதியத்துக்குள் பதினொரு பேர் அவளுக்கு அஞ்சலி போட்டிருந்தார்கள். எண்ணினேன். என்னை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஒரே ஆபீஸ், ஒரே செக்‌ஷன், இரண்டு பேருமே கதை எழுதுகிறவர்கள். அவள் அனுப்பினால் அச்சில் வரும். நான் அனுப்பினால் திரும்பி வரும். அவள் மேல் எனக்குப் பொறாமை... கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு சீசனில் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். முத்து என் கையைச் சுரண்டினாள்.

"ஏட்டி, அந்தப் பச்சைச் சேலைக்காரி எப்படிப்பட்டவ, சொல்லு?"

"எனக்கென்ன தெரியும்? இப்பதான பாக்கேன்."

"அவளயே பாத்தா தெரியாது. பொறத்த ஒருத்தி நிக்கா பாரு. இவ பையத் தூக்கிக்கிட்டு ஈரத்துணியோட நடுங்கிக்கிட்டு நிக்கா. இவ ஒரு தடவ திரும்பிப் பாத்தாளா? இப்பம் தெரியுதா?"

இரண்டு மாதத்தில் அது அவள் பெயரில் கதையாக வந்தது. நானும் அதே இடத்தில்தான் நின்றேன். எனக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்திருந்தது... வயிறு எரிந்தது.

அப்புறம்தான் அந்தக் காலேஜ் விஷயம்.

முத்துவைப் பேசக் கூப்பிட ஒரு காலேஜிலிருந்து ஆபீஸுக்கு போன் செய்தார்கள். அவள் கை கழுவப் போயிருந்தாள். நான் எடுத்தேன். "அவங்க ஊர்ல இல்லையே... நான் வரட்டுமா? நானும் கதை எழுதுதேன்" என்றேன். போய்ப் பேசிவிட்டும் வந்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து என் கதை ஒன்றை பஸ்ஸில் படித்துவிட்டு சொன்னாள்.

"ஒன் மல்லிகா நல்லவதாம்ட்டி. ஆனா யாருகூட நிக்கா? அந்தரத்துல நிக்கா. அவளப் பாத்து வயிறெரியுத ஓரகத்தி ஒருத்தியக் கூடப் போடு. அப்பம் பாரு, ரெண்டு பேருமே எந்திரிச்சு வருவாளுவ."

கோபமாக வந்தது. ஆனாலும் போட்டேன்.

அந்த ஓரகத்தியை, மல்லிகாவின் கொழுந்தன் மனைவியை, எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மல்லிகாவைக் கோலப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட வந்தவர்களிடம் 'அவ ஊர்ல இல்ல' என்று சொல்லிவிட்டு, தானே போய் அந்த நாற்காலியில் உட்காருகிறவள்.

அந்தக் கதைதான் முதல்முறையாக அச்சில் வந்தது. படித்தவர்கள் எல்லோரும் மல்லிகாவை விட்டுவிட்டு ஓரகத்தியைப் பற்றியே பேசினார்கள்.

முத்துவும் படித்தாள். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்.

"ஓரகத்தி அச்சு அசலா வந்திருக்காட்டி. இவதான் கதையே."

கொஞ்சம் பொறுத்து, "அந்தக் காலேஜ்ல கூட்டம் வந்துச்சா?" என்றாள்.

என் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தேன். "சுமாரா வந்துச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருக்கலாம்... திட்டாமல் இருக்க அவளால் முடிந்ததே, அதன் மேலும் எனக்குப் பொறாமைதான்.

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க ஆட்கள். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்றுதான் முதலில் தோன்றியது. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

அவள் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஆன்ட்டி, ஒங்க ஓரகத்தி கதைய உம்மா வாறவங்க போறவங்க எல்லாருக்கும் படிக்கக் குடுப்பாங்க" என்றாள்.

முத்துவின் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே...

சுமாரான கூட்டம் இல்லை முத்து. ஹால் நிறைந்திருந்தது. எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள்.

போய் வா.