இரண்டு பக்கமும் மாறிய சாவி

எங்கள் எஸ்டேட் ஆபீஸ் மலைமேல், தலைச்சோலைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், பறித்த மிளகின் எடையைக் கணக்கில் பதிகிற ரைட்டர் என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், பாஸ்வேர்டு சரியாத்தான் போடறனுங்க. உள்ளயே உட மாட்டேங்குது."

பாஸ்வேர்டில் தப்பில்லை. யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்கிற சர்வர் சேலம் தலைமை ஆபீஸில் இருக்கிறது. அதனிடம் ஒரு ரகசியச் சாவி உண்டு. அதே சாவியின் நகல் எங்கள் சர்வரில் ஒரு ஃபைலாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆளை உள்ளே விடும். புதுச் சாவி உருவாக்கும் ஒவ்வொரு முறையும் அதன் எண் ஒன்று கூடும். பார்த்தேன். எங்களிடம் இருந்தது நான்காவது சாவி, சேலத்தில் ஐந்தாவது. புதிதாக ஒன்று உருவாக்கினேன். அது சேலத்தில் தானாகப் பதிவானது, நகலை இங்கே வைத்தேன். ரைட்டர் உள்ளே போய்விட்டார்.

டீ குடித்து முடிப்பதற்குள் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு அதே தகராறு. எங்களிடம் ஆறு, சேலத்தில் ஏழு. மறுபடி உருவாக்கினேன், மறுபடி கெட்டது. வெளியாள் யாராவது புகுந்துவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. என் கைத்தவறாக இருந்தால் என்ன செய்வது என்று யாரிடமும் கேட்கத் தயங்கினேன். கடைசியில், சேலத்தில் இதே வேலை பார்ப்பவருக்குப் போன் செய்தேன். அதுவரை அவரோடு மெயில் பழக்கம் மட்டும்தான்.

"சார், இன்னிக்குச் சாவி ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஆமாங்க. காலையிலதான் புது பேக்கப் சர்வர் வெச்சேன். நான் மாத்த மாத்த அது நின்னு நின்னு போவுதுங்க. ஏனுங்க, நீங்களுமா மாத்துனீங்க?"

"நானும்தானுங்க சார்" என்றேன். அவர்தான் முதலில் சிரித்தார். எங்கள் சர்வரும் அவருடைய பேக்கப் சர்வரும் ஒரே பெயரில், ஒரே சாவியை நம்பி ஓடுகின்றன. நான் புதிதாக உருவாக்கினால் அவருடையது செல்லாது, அவர் உருவாக்கினால் என்னுடையது செல்லாது.

"நீங்க எதையும் தொடாதீங்க. நான் ஒண்ணே ஒண்ணு பண்ணி, அதையே உங்களுக்கும் காப்பி பண்றனுங்க."

ஃபைல் வந்தது. வைத்தேன். எல்லோரையும் கம்ப்யூட்டரில் ஒருமுறை வெளியே வந்துவிட்டு, மறுபடி பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகச் சொன்னேன். சர்வர் யாரையும் தடுக்கவில்லை.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. "அங்க குளுருங்களா? இங்க ஃபேன் காத்தே நொம்பச் சுடுதுங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் களத்து மிளகைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இங்கயும் வெயிலுதானுங்க. ஆனா காத்து நல்லா வருது" என்றேன்.